ஒருக்கா எறியுது, ஒருக்கா எறியுதில்ல: கல்லடியில் செய்த ஒரு ஸ்பிரிங்கின் நிகழ்வு ஆய்வு

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமை பின்னேரங்களில் நாலு பிள்ளைகள் கூடி ஒரு வீடியோ கேம் செய்கிறார்கள். இரண்டு பழைய லப்டொப், ஒரு மேசை மின்விசிறி, மிஞ்சிப் போனால் இரண்டரை மணி நேரம். மூத்தவன் உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறான். அவனுடைய தங்கச்சி தரம் 6. மற்ற இருவரும் தரம் 9. நான் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுப்பவன். சில இடங்களில் நிரலை நானே எழுதியும் கொடுத்திருக்கிறேன். அப்படி எழுதிக் கொடுத்த ஒரு வரிதான் இந்தக் கதையில் பின்னால் வரப் போகிறது.

கேமின் கதை சின்னது. வாவியில் தோணிகளுக்கு மேலே பாய்ந்து பாய்ந்து போகும் ஒரு பையன் பழைய கல்லடிப் பாலத்தில் ஏறி அக்கரைக்குப் போக வேண்டும். 1924இல் கட்டிய அந்த இரும்புப் பாலம் இந்தப் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து பார்க்கிற ஒன்று. பக்கத்தில் புதுப் பாலம் வந்துவிட்டது, ஆனாலும் படம் வரையச் சொன்னால் பழையதைத்தான் வரைகிறார்கள். பாலத்தின் கீழே பாடும் மீன் இருப்பதாக ஊரே சொல்வதால், பையன் பொறுக்கிச் சேர்க்கும் பொருளும் மீன்தான். ஒவ்வொரு மீனுக்கும் ஒரு சுரம்.

தோணியிலிருந்து பாலத்தின் தளத்துக்கு எங்கள் வரைபடத்தில் பத்துக் கட்டம் உயரம். ஒரு கட்டம் 32 பிக்சல், அதாவது திரையில் 32 புள்ளி. பையனின் சாதாரணப் பாய்ச்சலோ இரண்டரைக் கட்டம். இடையில் ஏணி வைக்கலாம், படி வைக்கலாம். தங்கச்சிக்காரி ஒத்துக்கொள்ளவில்லை. அவர்களுடைய அப்பப்பாவின் பழைய சைக்கிள் சீட்டுக்குக் கீழே பெரிய ஸ்பிரிங் இரண்டு இருக்கிறதாம். அதில் ஒன்றை வரைந்து கொண்டு வந்துவிட்டாள். தோணியின் அணியத்தில் சைக்கிள் சீட், அதன் கீழே சுருள். பார்த்தவுடனே மிதிக்கத் தோன்றும் படம். இன்றைக்கும் அந்த கேமில் எனக்கு ஆகப் பிடித்த படம் அதுதான்.

அந்த ஸ்பிரிங்கைச் சரியாக எறிய வைக்க எங்களுக்கு மூன்று சனிக்கிழமை பிடித்தது. கேம் செய்யத் தொடங்கும் யாரும் முதல் சில கிழமைகளிலேயே ஒரு ஸ்பிரிங் வைக்க ஆசைப்படுவார்கள். நாங்கள் விட்ட பிழைகள் அவர்களுடைய பாதையிலும் நிச்சயம் கிடக்கும். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

முதல் சனிக்கிழமை: கூட்டல்

நாங்கள் பயன்படுத்துவது கோடோ என்ற இலவச கேம் எஞ்சின், கேம் செய்வதற்கான மென்பொருள். அதில் புவியீர்ப்பு முன்கூட்டியே 980 என்று வைக்கப்பட்டிருக்கும். அதாவது விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு செக்கனுக்கும் 980 பிக்சலால் கூடும். அதன் தொடக்க மாதிரி நிரலில் பாய்ச்சல் வேகம் 400. வேகத்தின் வர்க்கத்தைப் புவியீர்ப்பின் இருமடங்கால் வகுத்தால் உயரம் வரும்: ஏறத்தாழ 82 பிக்சல். அதுதான் இரண்டரைக் கட்டம். வேகத்தை இரட்டித்தால் உயரம் நாலு மடங்கு. எனவே ஸ்பிரிங்குக்கு 800 கொடுத்தோம், கணக்குப்படி 326 பிக்சல், பத்துக் கட்டத்துக்குக் கொஞ்சம் மேலே. மூத்தவன் இதைத் தாளில் போட்டுக் காட்டியபோது மற்றவர்கள் கைதட்டினார்கள்.

பிறகு ஓட விட்டுப் பார்த்தோம். நடந்து போய் மிதித்தால் அழகாக எறிந்தது. பக்கத்துத் தோணியிலிருந்து பாய்ந்து மிதித்தால் பாதிகூட எழும்பவில்லை. மேலே போய்த் திரும்ப அதே ஸ்பிரிங்கில் விழுந்தால் அசைவே இல்லை, பையன் அதன் மேல் சும்மா நின்றான். இன்னொரு தடவை திரைக்கு வெளியே பறந்து போனான்.

"சேர், இது ஒருக்கா எறியுது, ஒருக்கா எறியுதில்ல" என்றான் தரம் 9 தம்பி ஒருவன்.

காரணம் ஒரு கூட்டல் குறி. 'வேகத்தை 800 ஆக்கு' என்று எழுதுவதற்குப் பதிலாக 'இருக்கிற வேகத்தோடு மேல்நோக்கி 800-ஐக் கூட்டு' என்று எழுதியிருந்தோம். ஐந்து கட்டம் உயரத்திலிருந்து விழும் பையன் ஸ்பிரிங்கைத் தொடும்போது கீழ்நோக்கி 560 வேகத்தில் வருகிறான். அதை ஈடுசெய்யவே 560 போய்விடும். மிச்சம் 240. அது எழுப்புவது 29 பிக்சல், ஒரு கட்டம்கூட இல்லை. ஸ்பிரிங் எறிந்த உச்சியிலிருந்தே திரும்பி விழுந்தால் 800க்கு 800 சரியாகக் கழிந்து பூச்சியம். அதனால்தான் சும்மா நின்றான். பக்கத்திலிருந்து மேலெழும்பிக்கொண்டே தொட்டால் 400உம் 800உம் சேர்ந்து 1200 ஆகி, 700 பிக்சலுக்கு மேலே போய்விடும். எங்கள் திரையின் உயரமே 648தான்.

எல்லாக் கணக்கும் பொருந்தியது. கணக்குப் பொருந்துவதைப் பார்த்து அந்தப் பிள்ளைகளின் முகத்தில் வந்த வெளிச்சத்துக்காகவே இந்த வேலையைச் செய்கிறேன் என்று சொல்வேன்.

இடையில் ஒரு நல்ல தவறு

கூட்டலை எடுத்துவிட்டு 800 என்று நேரே வைப்போம் என்றேன். மூத்தவன் மறுத்தான். அது பௌதிகவியல் இல்லை என்றான். அவன் சொன்னது சரி. விற்சுருளை எவ்வளவு அமத்துகிறோமோ அவ்வளவு விசையோடு அது திருப்பித் தள்ளும். 1678இல் ஊக் என்ற விஞ்ஞானி எழுதி வெளியிட்ட விதி அது. உயரத்திலிருந்து விழுந்தால் கூட அமரும், கூடத் திருப்பித் தர வேண்டும். எங்கிருந்து விழுந்தாலும் ஒரே உயரத்துக்கு எறியும் ஸ்பிரிங் உலகத்தில் இல்லை என்பது அவனுடைய வாதம்.

செய்து பார் என்று விட்டுவிட்டேன். வரும் வேகத்தை அப்படியே மேல்நோக்கித் திருப்பும்படி எழுதினான். இரண்டு கட்டத்திலிருந்து விழுந்தால் இரண்டு கட்டம் எழும்பியது. ஐந்திலிருந்து விழுந்தால் ஐந்து. நடந்து போய் ஏறினால் ஒன்றுமில்லை. பார்க்க உண்மையான ஸ்பிரிங் போலவே இருந்தது, ஆனால் யாராலும் பாலத்தில் ஏற முடியவில்லை. விழுந்த உயரத்தைவிட ஒரு பிக்சல்கூட மேலே போக முடியாது. அழுத்தசக்தி இயக்கசக்தியாகித் திரும்ப அழுத்தசக்தியாகிறது, புதிதாக எதுவும் வருவதில்லை.

அவன் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்: "அப்ப சேர், கேம்ல வாற ஸ்பிரிங் ஏற்கெனவே அமத்தி வச்ச ஸ்பிரிங்."

இந்த ஆய்வில் எனக்குக் கிடைத்த ஆகப் பெறுமதியான வாக்கியம் இது. கேம் ஸ்பிரிங் எலிப்பொறியைப் போல. யாரோ முன்பே இழுத்துப் பூட்டி வைத்த சக்தி உள்ளே காத்திருக்கிறது, நம்முடைய கால் பட்டதும் பூட்டு மட்டும் திறக்கிறது. நம்முடைய எடைக்கும் விழும் வேகத்துக்கும் அங்கே வேலை இல்லை. ஒரே உயரம், ஒவ்வொரு தடவையும். அந்த உறுதி இருந்தால்தான் விளையாடுபவர் அதை நம்பி ஒரு பள்ளத்துக்கு மேலே கால் வைப்பார்.

பழைய கேம்களை இந்தக் கண்ணோடு திரும்பப் பார்த்தோம். 1981இன் டொங்கி கொங்கில் ஸ்பிரிங் உதவிக்கு வந்த பொருளே அல்ல. லிப்ட் ஓடும் கட்டத்தில் மேலே துள்ளித் துள்ளி வந்து தலையில் விழும் ஆபத்து அது. நாலு வருடம் கழித்து, 1985இன் சூப்பர் மரியோ பிரதர்ஸில் அது காலுக்குக் கீழே வந்துவிட்டது. ஆனால் அங்கே கையும் வேலை செய்ய வேண்டும். சும்மா ஏறி நின்றால் சின்ன எழுச்சிதான். ஸ்பிரிங் அமர்ந்து விரியும் அந்தச் சிறு கணத்துக்குள் பொத்தானைப் புதிதாக அழுத்தினால்தான் உயரப் போகும், முன்பிருந்தே பிடித்துக்கொண்டிருந்தால் கணக்கில் வராது. கட்டில் மெத்தையில் துள்ளும் பிள்ளை சரியான நேரத்தில் காலை உந்துவது போன்ற ஒன்று அது.

1991இல் வந்த சோனிக் அந்தக் கணத்தையும் எடுத்துவிட்டது. பட்டால் போதும், எறியும். மஞ்சள் ஸ்பிரிங் ஒரு பிரேமுக்கு, அதாவது திரை ஒரு தடவை புதிதாக வரையப்படும் நேரத்துக்கு, 10 பிக்சல் வேகம் கொடுக்கும், சிவப்பு 16. சோனிக்கின் சொந்தப் பாய்ச்சல் 6.5. அந்த கேமின் புவியீர்ப்பு பிரேமுக்கு 0.21875. பிள்ளைகள் இதற்கும் அதே கணக்கைப் போட்டார்கள்: சொந்தப் பாய்ச்சல் ஏறத்தாழ 97 பிக்சல், மஞ்சள் 229, சிவப்பு 585. அந்தத் திரையின் உயரம் 224. ஆக மஞ்சள் என்றால் ஒரு திரை, சிவப்பு என்றால் இரண்டரைத் திரைக்கும் கூட. நிறத்தைப் பார்த்தவுடனே எவ்வளவு தூரம் போகப் போகிறோம் என்று உடம்புக்குத் தெரிந்துவிடும். எவ்வளவு கச்சிதமான வேலை! தங்கச்சிக்காரி உடனே தன்னுடைய சைக்கிள் சீட்டுக்குச் சிவப்பு உறை போட்டாள்.

சரி, மூத்தவனும் ஒத்துக்கொண்டான். வேகத்தை 800 என்று நேரே வைத்தோம். நடந்து மிதித்தாலும் விழுந்து மிதித்தாலும் ஒரே உயரம். வேலை முடிந்தது என்று எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

இரண்டாவது சனிக்கிழமை: அண்ணாவுக்கு எறியுது

முடியவில்லை. அடுத்த கிழமை தங்கச்சிக்காரி விளையாடிக்கொண்டே இருந்தாள், பாலத்தில் ஏறவே முடியவில்லை. ஒரு தடவை தோணிக்குக் கொஞ்சம் மேலே, ஒரு தடவை பாதி வழி, ஏதோ ஒரு தடவை முழு உயரம். அவளுடைய அண்ணா வாங்கி விளையாடினால் ஒவ்வொரு தடவையும் பத்துக் கட்டம்.

"அண்ணாக்கு எறியுது, எனக்கு எறியுதில்ல சேர். எனக்கு விளையாடத் தெரியா" என்றாள். அவள் வரைந்த ஸ்பிரிங் அது. அந்தப் பேச்சு எனக்கு வலித்தது. ஒரு பொருள் ஒருவருக்கு வேலை செய்து இன்னொருவருக்குச் செய்யவில்லை என்றால் முதலில் பொருளைத்தான் சந்தேகிக்க வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை.

முதலில் லப்டொப்பைச் சந்தேகித்தோம். அவள் இருந்தது இரண்டில் மெதுவானது. அந்தச் சந்தேகத்துக்கு நியாயம் உண்டு. பிரேமை எண்ணி ஓடும் பழைய கேம்கள் மெஷினுக்கு மெஷின் மாறும். செக்கனுக்கு 60 தடவைக்காகச் செய்த சோனிக், 50 தடவை ஓடும் ரீவி உள்ள நாடுகளில் மெதுவாகத்தான் ஓடியது. ஆனால் கோடோவில் அசைவுக் கணக்குக்கென்று செக்கனுக்கு 60 என்ற தனித் துடிப்பு இருக்கிறது, எங்கள் ஸ்பிரிங்கும் அதற்குள்தான் இருந்தது. பேசிக்கொண்டிருப்பதைவிட இடத்தை மாற்றிப் பார்ப்போம் என்று அண்ணாவையும் தங்கச்சியையும் மாற்றி உட்கார வைத்தோம். பிழை லப்டொப்போடு நிற்கவில்லை, அவளோடு கூடவே போனது. ஆகவே பிழை கைக்கும் நிரலுக்கும் இடையில் எங்கோ இருந்தது.

தரம் 9 பிள்ளை ஒருத்தி நல்ல யோசனை சொன்னாள். போனை ஸ்லோ மோஷனில் வைத்து இரண்டு பேருடைய விரலையும் திரையையும் சேர்த்து எடுத்தோம். படத்தில் எல்லாம் தெரிந்தது. அண்ணா ஸ்பேஸ் பாரைத் தட்டிவிட்டு உடனே விரலை எடுத்துவிடுகிறான். ஸ்பிரிங்குக்கு வந்து சேரும் முன்னரே அவன் விரல் மேலே. தங்கச்சி பயத்தில் அமத்திப் பிடித்தபடியே வருகிறாள். ஸ்பிரிங் எறிந்து பையன் மேலே கிளம்பியதைக் கண்ட பிறகுதான் நிம்மதியாக விரலை விடுகிறாள். அந்த விரல் எழும்பும் அதே பிரேமில் பையன் தளர்கிறான்.

அந்த வரி நான் எழுதியது. சில கிழமைகளுக்கு முன், சின்னப் பாய்ச்சலும் பெரிய பாய்ச்சலும் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டபோது எழுதிக் கொடுத்தேன்: மேலே போய்க்கொண்டிருக்கும்போது பொத்தானை விட்டால் வேகத்தைப் பாதியாக்கு. தளங்களில் பாய்ந்து ஓடும் கேம்களில் இது மிகப் பழைய வழக்கம். 1985இன் மரியோவில் பொத்தானை விட்டால் கீழே இழுக்கும் விசை கூடும். சோனிக்கில் பொத்தானை விட்டால், மேல்நோக்கிய வேகம் 4க்கு மேல் இருந்தால் 4 ஆகக் குறைக்கப்படும். சாதாரணப் பாய்ச்சலுக்கு அது அருமையான வசதி. ஆனால் என்னுடைய வரி பையனை மேலே அனுப்பியது அவனுடைய காலா ஸ்பிரிங்கா என்று கேட்கவில்லை. மேலே போகிறான், பொத்தான் விட்டது, பாதியாக்கு. அவ்வளவுதான்.

அவள் எறிந்த கணத்திலேயே விரலை விட்டால் 800 என்பது 400 ஆகும். உயரம் 82 பிக்சல், சாதாரணப் பாய்ச்சலுக்கு மேலே ஒன்றுமில்லை. 0.2 செக்கன் கழித்து விட்டால் அதற்குள் 140 பிக்சல் ஏறியிருப்பாள், வேகம் 604இலிருந்து 302 ஆகி இன்னும் 46 ஏறுவாள், மொத்தம் 187 அளவில். விரலை விடும் நேரம் தடவைக்குத் தடவை கொஞ்சம் மாறும், அதனால் உயரமும் மாறும். மனம் போன போக்கில் நடப்பது போலத் தெரிந்ததற்கு இதுவே காரணம். முதல் கிழமையிலும் இந்தப் பிழை இருந்திருக்கிறது, கூட்டல் பிழையின் குழப்பத்துக்குள் மறைந்து கிடந்தது.

கணக்கை அவளிடமே கொடுத்துப் போட வைத்தேன். வகுத்தலை இரண்டு தடவை சரிபார்த்தாள். "அப்ப நான் சரியாத்தான் அமத்தியிருக்கன்" என்றாள்.

திருத்தம்

நிரலில் ஒரு சின்ன அடையாளம் சேர்த்தோம். ஸ்பிரிங் எறிந்ததும் அது 'ஆம்' ஆகும். அது 'ஆம்' ஆக இருக்கும்வரை பொத்தானை விட்டாலும் வேகம் பாதியாகாது. பையன் உச்சிக்குப் போய்க் கீழ்நோக்கித் திரும்பியதும் 'இல்லை' ஆகும். மூன்று வரிதான்.

நாங்கள் தனியாகக் கண்டுபிடித்ததாக நினைத்த இதற்கு முன்னோடி உண்டு. 2018இல் வந்த செலெஸ்ட் கேமைச் செய்தவர்கள் அதன் நாயகியின் அசைவு நிரலை எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டிருக்கிறார்கள். அதில் ஸ்பிரிங் எறியும் இடத்தில், பொத்தான் பிடித்திருப்பதாகவே கருது என்று சொல்லும் ஓர் அடையாளம் இருக்கிறது. அங்கே சாதாரணப் பாய்ச்சல் 105, ஸ்பிரிங் 185. எறிவதோடு, காற்றிலேயே விர்ரென்று பாயும் 'டாஷ்' தீர்ந்துபோயிருந்தால் அதையும் ஸ்பிரிங் நிரப்பிக் கொடுக்கிறது. மூத்தவன் அதை வரி வரியாக வாசித்துக் காட்டினான். வேறொரு நாட்டில் வேறு ஆட்கள் அதே பள்ளத்தைக் கண்டு அதே பலகையைப் போட்டிருக்கிறார்கள். விறாந்தையில் இருந்த எல்லோருக்கும் அன்று ஒரு பெருமை.

மூன்றாவது சனிக்கிழமை பெரும்பாலும் கண்ணுக்கான வேலை. ஸ்பிரிங் எறியும்போது படம் அசையாமல் இருந்தது. அதை அமர்ந்து விரியும் மூன்று படமாக்கினாள் தங்கச்சிக்காரி. அமரும் படம் எறிந்த பிறகுதான் வருகிறது, முன்னால் இல்லை. அமர்ந்து காட்டிவிட்டு எறிந்தால் கையில் தாமதம் தெரிகிறது, கண்ணுக்கோ எறிந்த பிறகு அமர்ந்தாலும் உறுத்துவதில்லை. பக்கவாட்டில் உரசினாலும் எறிந்ததை, கீழ்நோக்கி வந்தால் அல்லது நடந்து ஏறினால் மட்டும் எறியும்படி மாற்றினோம். கமெராவை மேலே போகும்போது கொஞ்சம் முன்னே பார்க்கும்படி வைத்தோம், அப்புறம் போகும் வழியில் ஐந்து மீனை மேல்நோக்கி வரிசையாகத் தொங்கவிட்டோம். ஸ்பிரிங் சரியாக எறிந்தால் ஐந்து சுரமும் ஏறுவரிசையில் கேட்கும். முதல் ஸ்பிரிங்கைத் தண்ணீருக்கு மேலே வைக்காமல், விழுந்தாலும் தோணியிலேயே விழும் இடத்தில் வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததும் அவள்தான்.

கடைசியாக 800 என்ற எண்ணையே எடுத்துவிட்டோம். அது யாருக்கும் ஒன்றும் சொல்லாத எண். இப்போது ஸ்பிரிங்கில் உயரத்தைக் கட்டக் கணக்கில் எழுதினால் போதும். உயரத்தைப் புவியீர்ப்பின் இருமடங்கால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, வேண்டிய வேகத்தை நிரலே கண்டுகொள்ளும். பத்துக் கட்டத்துக்கு 792 வந்தது.

தங்கச்சிக்காரி 10-ஐ அழித்துவிட்டு 12 என்று எழுதினாள். 868. ஸ்பேஸ் பாரை அமத்திப் பிடித்தபடி வந்தாள், எறிந்ததும் விரலை விட்டாள். ஐந்து சுரமும் கேட்டது. பையன் பாலத்தின் தளத்தைத் தாண்டிப்போய்ப் பக்க இரும்புச் சட்டத்தின் உச்சியில் நின்றான். அங்கே நிற்க இடம் இருக்கிறதென்று எங்களுக்கு அதுவரை தெரியாது. அவள் உடனே அங்கே ஒரு காகத்தை வரையத் தொடங்கினாள்.